நிலத்தில் நின்ற பிறகு

ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினது
மார்கழி வெள்ளத்துக்காக.
ஸ்பிரிங் புதிது. ஷொக் பழையது.
அன்று தொடக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும்
பின்சில்லு தொங்கும்போது ஒரு டொக்.
கால் எட்டாமல் கொப்பில் தொங்குகிறவனின்
தோள்மூட்டுச் சத்தம்.

என் வேலை கிணற்றுத் தண்ணீர்.
ஆழியவளை, உடுத்துறை, நாகர்கோவில்.
மணல் வழியே போய், வாளி இறக்கி,
போத்தலில் அடைத்து, பேர் ஒட்டி,
உப்பு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு என்று
பார்க்கிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.
போன கிழமை இருபத்துநாலில் ஏழு உடைந்தது.
ஏழு வீட்டுப் படலையிலும் திரும்ப நின்று
"உங்கட தண்ணி என்ரை ஜீப்புக்குள்ள ஊத்துப்பட்டுட்டுது" என்றேன்.
யோகமலர் மட்டும் சிரித்தாள்:
"ஜீப்புக்கு விடாயாக்கும்."

கோப்பாயில் டெஸ்மனின் கராஜ்.
ஆக நீளமானதைத் தா, ஆக இறுக்கமானதைத் தா
என்று காசை மேசையில் வைத்தேன்.
அவன் காசைப் பார்க்கவில்லை.
செசிக்குக் கீழே ஜக்கைக் கொடுத்து
சில்லைக் காற்றில் விட்டான்.
பழைய ஷொக்கைக் கழற்றினான். கசிந்த எண்ணெயில்
வடமராட்சி மணல் களியாகப் பிடித்திருந்தது.
அக்சில் இன்னும் இறங்கியது.
பிரேக் ஹோஸ் விறைக்கிற இடத்தில்
"நில்" என்றான், எனக்கல்ல.
மேல் துளையிலிருந்து கீழ்த் துளைக்கு அளவுநாடா:
அறுபத்தொன்று.
பிறகு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு
றப்பர்க் கட்டையில் முட்டும்வரை அக்சிலை ஏற்றினான்:
முப்பத்தெட்டு.

நான் ஆசைப்பட்டது சிவப்பு, தடித்தது.
விரிந்தால் அறுபத்தாறு, ஒடுங்கினால் நாற்பத்திரண்டு.
"கட்டையில முட்ட முன்னம் இது தன்ரை அடியில முட்டும்.
ஒரு கிழமைக்குள்ள வெடிக்கும்.
விரிஞ்செண்டால் ஸ்பிரிங் கழண்டு விழும்,
நீ மணலைக் கிண்டிக்கொண்டு திரிவாய்."
சாம்பல் நிறத்தது அறுபது, முப்பத்தேழு.
வடிவில்லை. எடுத்தோம்.

"பாரம் தாங்கிறது ஸ்பிரிங்.
இது ஒண்டையும் தாங்காது.
ஆடினது காணும் எண்டு சொல்லுறதுதான்
இதின்ரை வேலை."
அதிர்ச்சிதாங்கி என்று
பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினவள் நான்.
பேசாமல் இருந்தேன்.

கட்டியிருந்த நாரை வெட்டினான்.
தண்டு மெல்ல எழும்பியது, ஆரும் தொடாமல்,
நித்திரையால் எழும்பும் பூனையின் முதுகு மாதிரி.
அதைத் திரும்ப அமத்தி மேல் துளைக்குள் விட
நாலு கை தேவைப்பட்டது. என்னுடைய இரண்டும் கறுத்தன.
வாஷர், றப்பர், றப்பர், வாஷர், நட்.
றப்பர் வாஷரின் விளிம்புக்கு உப்பி வரும்வரை.
அதுக்கு மேல் அரைச்சுற்றும் இல்லை.

கீழ் போல்ட்டுக்கு நான் சாவி வைத்தேன்.
"இப்ப வேண்டாம்."
மற்றப் பக்கமும் மாட்டி, ஜக்கை இறக்கினான்.
நாலு சில்லும் சீமெந்தில் நின்றன.
"தொங்கேக்க இறுக்கினால்
றப்பர் அந்த முறுக்கோடையே கிடக்கும்.
நிலத்தில நிண்டாலும் அதுக்குத் தொங்கிற நினைப்பு.
கெதியில கிழிஞ்சிடும்.
இப்ப படுத்து இறுக்கு."
படுத்தேன். முதுகெல்லாம் எண்ணெயும் குளிரும்.
என் மூக்குக்கு மேலே
முழு வண்டியும் தன் பாரத்தில் அமர்ந்திருந்தது.

திங்கட்கிழமை நாகர்கோவில் வளைவு.
பெரிய பள்ளம். சில்லு இறங்கியது.
பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
ஜீப் ஒருதரம் குனிந்து, நிமிர்ந்து,
அவ்வளவுதான்.
பின்னுக்குப் போத்தல்கள்
ஒன்றையொன்று தொடுகிற சத்தம்கூட இல்லை.

இருபத்துநாலும் முழுசாக வந்தன.
ஆய்வுகூடத்துப் படியில், மூன்றாம் படியில்,
கறுப்பு இன்னும் போகாத என் கையிலிருந்து
ஒன்று வழுக்கியது.
ஈரத்தில் குனிந்து பேரை வாசித்தேன்.
யோகமலர்.
நாளைக்கு அவளிடம்
எதைச் சாட்டுவது.